பழைய எண்ணைத் திருப்பித் தரும்

ஒஸ்ட்ராவாவில் பனி. மைனஸ் ஒன்பது.
மூன்றாம் மாடியில் வெந்துலா
ஒரே ஒரு ஃபங்ஷனுக்குக் கையேடு எழுதுகிறாள்.
அது கேட்பது இரண்டு: ஒரு பணி, ஓர் எண்.
அந்தப் பணியை அந்த எண்ணின் வரிசையில்
கொண்டுபோய் நிறுத்திவிட்டு
பணியின் பழைய எண்ணைத் திருப்பித் தரும்.
அவ்வளவுதான்.

எண் சின்னதானால் ஆள் பெரியவன்.
இதை மூன்று தடவை எழுதி
மூன்று தடவை அழித்தாள்.
கடைசியில், பூச்சியமே உச்சம்.
பிரசங்கம் மாதிரிதான் இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டாள்.

மேசைக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் எந்திரம்.
ரத்தத்துக்குப் பதில்
சாயம் கலந்த தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது.
உள்ளே ஒற்றைச் செயலி,
அதன் வாசலில் பதினேழு பேர்.
காற்றுக்குமிழியைப் பிடிப்பவனுக்கு ஒன்று.
பம்பு சுற்றுபவனுக்கு மூன்று.
திரையில் வரைகிறவனுக்குப் பன்னிரண்டு;
அவனுக்கு வரைய எப்போதும் ஏதாவது இருக்கும்.
நாளேடு எழுதுகிறவனுக்கு முப்பது.
எல்லாரும் கண்ணயர்ந்த இடைவெளியில்
ஒரு வரி கிறுக்கிக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை
லுமீர் குழாய்க்குள் ஊசியால் ஒரு குமிழி ஏற்றினான்.
நாற்பது மில்லிநொடியில் எந்திரம் அலற வேண்டும்.
அலறியது.
பன்னிரண்டு தடவை ஏற்றினான், பன்னிரண்டு தடவையும் அலறியது.
பதின்மூன்றாவதில் சத்தமே இல்லை.
கடுகளவு குமிழி
நோயாளியின் கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்த
நீல பிளாஸ்டிக் வாளிக்குள்
நிதானமாகப் போய்ச் சேர்ந்தது.
லுமீர் காபியைக் கீழே வைத்தான்.
அன்று முழுக்க அதை எடுக்கவில்லை.

நடந்தது இது.
முப்பது, நினைவகத்தின் சாவியோடு உள்ளே போயிருக்கிறான்,
பாதி வரியில் இருக்கிறான்.
ஒன்று வந்து கதவடியில் நிற்கிறான், அவனுக்கும் அதே சாவி.
முப்பது முடித்தால் போதும்.
முடிக்க விடாமல்
பன்னிரண்டு படம் வரைந்துகொண்டிருக்கிறான்.
அவன்மேல் தப்பில்லை.
முப்பதுக்கு அவன் வழிவிட வேண்டியதில்லை.
கதவடியில் யார் நிற்கிறார்கள் என்று
அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை
தணிக்கைக்காரர்களோடு சர்வர் அறை வாசலில் நின்றார்
இயக்குநர் ப்ரோகெஷ். பூட்டியிருந்தது.
சாவி யாரினாவிடம்; துடைக்கப் போனவள்
இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.
கீழே லிஃப்டுக்கு வரிசை.
விற்பனைப் பிரிவுக்காரர்கள் பதினொரு பேர்,
கேக் பெட்டிகளோடு.
வாளியும் துடைப்பமுமாக யாரினா கடைசியில்.
புதிதாக யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிட்டாள்,
பழக்கதோஷம்.
மேலே இயக்குநர் கடிகாரம் பார்த்தார்,
இன்னொரு தடவை பார்த்தார்.

மாடிப்படி வளைவிலிருந்து எட்டிப்பார்த்து
லுமீர்தான் கத்தினான்:
“அவளை முதலில் ஏற்றுங்கள்! அவள்தான் இப்போ ப்ரோகெஷ்!”
சிரித்தார்கள். ஆனாலும் விலகினார்கள்.
வாளியோடு தனியாக
மூன்று மாடி ஏறினாள் யாரினா.
சாவியைக் கொடுத்தாள்.
இறங்கி வருகையில் லிஃப்ட் அவளுக்காக நிற்கவில்லை,
படியில் வந்தாள்.

அன்று மதியமே பிழை தீர்ந்தது.
பூட்டில் ஒரே ஒரு மாற்றம்:
பெரியவன் ஒருவன் காத்திருக்கும்வரை
சாவி வைத்திருப்பவனுக்கு அவனுடைய எண் இரவல்.
விட்ட கணமே பழைய எண்.
முந்நூறு குமிழி ஏற்றினான் லுமீர்.
முந்நூறுக்கும் அலறி
பக்கத்து அறைக்காரனைப் பைத்தியமாக்கியது.

இதை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா என்று
வெந்துலா கேட்டதற்கு
‘கையேட்டில் ஆட்கள் வேண்டாம்’ என்று பதில் வந்தது.
சரி.
திருப்பித் தருவது என்ற தலைப்பின்கீழ்
பழைய எண் என்று இருந்தது.
பக்கத்தில் சேர்த்தாள்:
கவனமாக வைத்திருக்கவும். ஒருவர் எங்கே நின்றிருந்தார் என்பதற்கு
இதைத் தவிர வேறு பதிவு இல்லை.
இதையும் வெட்டுவார்கள்.

ஏழரை மணி. துடைப்பம் மேசைக்கடியில் நுழைகிறது.
“காலைத் தூக்குங்க,” என்கிறாள் யாரினா.
வெந்துலா பாதி வாக்கியத்தில்
தூக்கிக்கொள்கிறாள்.