எடைச் சீட்டு

நவுத்தா படித்துறையில் என் கடை.
மரவள்ளி மாவு, உப்பு, உலர்ந்த மீன்.
பத்து கிராம் குறைந்தால் சண்டைக்கு வருகிற ஊர் இது.
அதனால்தான் என் தராசைத் தேடி
காவலர் துவெஸ்தா வந்தார்,
தொப்பியைத் தலையில் வைக்காமல்
இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு.
"தோன்யா டெல்மிரா, எடை போட்டுத் தர வேண்டும்.
படிவத்தில் கேட்கிறார்கள்."

தொப்பிக்குள் ஒரு பிடரி.
பிடரிக்குள் ஒரு முகம்.
லியோன்சித்தோ என்போம், குட்டிச் சிங்கம்.
குரங்குதான்,
குரங்குகளில் இதைவிடச் சின்னது கிடையாது.

தொப்பியைக் கழித்து நூற்றுப் பதினொரு கிராம்.
என் பெரிய வெங்காயம் ஒன்று இதைவிடக் கனம்.
முள் நிற்கவே இல்லை, துடித்துக்கொண்டிருந்தது.
நெஞ்சு அடிக்கிற அடி.

உடம்பை அசைக்காமல்
தலையை மட்டும் முழுக்கத் திருப்பி
தன் முதுகைப் பார்த்தது.
மறுபடியும் பார்த்தது.

பிடித்தவன், எலியாசார் தாமானி,
என் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.
அவன் கையில் விலங்கு இல்லை;
விலங்கு தட்டில் இருந்தது.
எங்கே ஓடுவான், மரான்யோன் கரை ஏறிக் கிடக்கிற மாதத்தில்?

பிடிபட்ட இடம்: "காடு" என்று எழுதினார் துவெஸ்தா.
தாமானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"இதற்கு ஏதய்யா காடு? ஒரு மரம் இருக்கிறது.
விடியலில் வரும். கீழ்ப்பல்லால் பட்டையைக் கடித்துக்
குழி போட்டுவிட்டுப் போகும், பிசின் ஊறட்டும் என்று.
அப்புறம் வந்து நக்கும்.
பிசினுக்குப் பூச்சி வரும், அதையும் பிடித்துத் தின்னும்.
தளிர்க் கிளையைப் பற்றவே விரலில் கூர்நகம்,
அணிலுக்கு இருப்பதுபோல.
மரமோ, அம்மை போட்ட முகமாட்டம் குழி குழியாக.
அந்த முகத்தைக் கண்டுபிடித்தால் போதும்,
பிறகு நான் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.
வீடும் சோறும் ஒரே இடத்தில் இருக்கிறவனைப்
பிடிப்பது சுலபம், தோன்யா."

பத்தொன்பது வருடமாக என் கடை இதே படியில்.

"முதுகில் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டேன்.
உப்பு மூட்டையை நகத்தால் கீறினான்.
"இரண்டு.
பெரும்பாலும் இரட்டைதான் போடும்.
சுமப்பது தகப்பன், பால் நேரத்துக்கு மட்டும் தாயிடம்.
குட்டி பிழைக்காது, வாங்க ஆளில்லை.
கிளையில் விட்டுவிட்டேன்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பெட்ரோல் யார் கணக்கு என்று அரை மணி நேரம் வாக்குவாதம்.
கடைசியில் என் கணக்கு.
பெக்கே-பெக்கே படகில் மூன்று பேர், ஒரு தொப்பி.
வழி சொன்னவன் திருடன்.
வேறு யாருக்குத் தெரியும்?

முட்டளவு நீரில் நின்றது அந்த இங்கா மரம்.
அவன் சொன்னது சரி, பட்டையெங்கும் குழி,
சில்லறைக் காசு அளவில்.
விரல் விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.
ஒன்று. இன்னொன்று. அதுவும்.
"பிசின் வற்றினால் குடும்பத்தோடு
பக்கத்து மரத்துக்கு மாறும்" என்றான்,
என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

மோட்டாரை அணைத்தோம்.
தொப்பிக்குள் வாய் திறந்தது,
நாக்கு நடுங்குவது தெரிந்தது,
கேட்டதோ ஊசி நுனியளவு.
மீதியெல்லாம் எங்கள் காதுக்கு எட்டாத உயரத்தில்
போய்க்கொண்டிருந்தது.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. கொசுதான்.

பிறகு இடப்பக்கத்துக் கொடிச் சிக்கலில்
மழலை.
பேசப் பழகுகிற குழந்தை
அர்த்தமில்லாமல் உளறிக்கொண்டே இருக்குமே, அப்படி,
கூப்பிடுவது, பயப்படுவது, பசிப்பது எல்லாவற்றையும்
ஒன்றாகக் கலந்து கொட்டியது.

தொப்பி எப்போது காலியானது என்று தெரியவில்லை.
துவெஸ்தா இன்னும் இரண்டு கையாலும்
அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தாமானி இரண்டு விரலைக் காட்டினான்.
எனக்குக் கேட்டது ஒரு குரல்தான்.
மறுக்கவில்லை நான்.

மோட்டாரை உடனே கிளப்பவில்லை.
நீரோட்டமே எங்களை நவுத்தா பக்கம்
இழுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டோம்.