ஐந்து சென்டிமீட்டர் ஆழம்

நீளம் நாலு புள்ளி எட்டு.
அகலம் இரண்டு புள்ளி இரண்டு.
ஆழம் ஐந்து சென்டிமீட்டர்,
அதாவது என் நடுவிரலில் இரண்டாம் கணு வரை.

சிலேத்தார் ஹில்ஸில்
எங்கள் வீட்டுக் கொல்லை இவ்வளவுதான்.
மூன்று பக்கம் சுவர்,
மேலே பக்கத்து வீட்டு ஏர்கானின் சொட்டு.
புல் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.
போன மாதம் கொசு ஆய்வுக்கு வந்த பெண்
தேங்கிய நீரில் டார்ச் அடித்தாள்.
எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டாள்.
அன்று இரவே முடிவானது: சரளைக்கல்.

பரஞ்சோதி சமையலறை வாசலில் நின்று
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.
"இருபது மூட்டை போதும்."
எங்கள் கல்யாணத்துக்கு
உன் பக்கம் எத்தனை பேர் என்றபோதும்
இருபது என்றுதான் சொன்னான்.
வந்தது நூற்றுப் பதினொன்று.

நான் கணக்குப் போடுகிறவள்.
துவாஸில் ஓர் அலுவலகத்தில்
பதினோரு ஆண்டாகக் கல்லையும் மணலையும்
திரையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.
அரைக் கன மீட்டர், கொஞ்சம் சொச்சம்.
கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால்
எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ.
இருபது கிலோ மூட்டையில் நாற்பது.
சிந்தியது, சரிந்தது, சாக்கடைக்குப் போனது என்று
நூற்றுக்குப் பத்து கூட்டு.
நாற்பத்து நாலு.

சனிக்கிழமை காலை லோரி வந்தது.
சுல்கிஃப்லி நல்ல மனிதர்.
ரசீதை நீட்டி, மிக மரியாதையாக,
"கேட் வரைக்கும்தான்" என்றார்.
கேட்டிலிருந்து கொல்லைக்கு வழி
வரவேற்பறை, சாப்பாட்டு மேசை, சமையலறை.
என் கணக்கில் நீளம் இருந்தது, அகலம் இருந்தது,
ஆழம்கூட இருந்தது.
வீடு இல்லை.

பளிங்குத் தரையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டோம்.
ஏழாவது மூட்டையில் பரஞ்சோதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
சோபாவில் குப்புறப் படுத்தபடி எண்ணிக்கை சொன்னான்,
அதிலும் ஒன்றை விட்டுவிட்டான்.

என் எடை ஐம்பத்தைந்து.
நாற்பத்து நாலு மூட்டை என்பது பதினாறு நான்.
பதினாறு பேராக என் சமையலறையைக் கடந்தேன்.
எட்டாமவள் குளிர்பெட்டியில் சாய்ந்து
போத்தலோடு தண்ணீர் குடித்தாள்.
பதின்மூன்றாமவள்
அழலாமா என்று யோசித்துவிட்டு, தள்ளிப்போட்டாள்.

கொட்டி, பரப்பி,
பலகையால் இழுத்துச் சமன் செய்து நிமிர்ந்தால்
வடக்கு மூலையில் கறுப்புத் துணி இன்னும் தெரிகிறது.
இரண்டு கால்மிதி அகலம்.
எவ்வளவு போட்டும் கல் அங்கே
உள்ளே போய்க்கொண்டே இருந்ததுதான் காரணம்.
சுவருக்கு மேலே திருமதி வூனின் தலை:
"அங்கேதானே முன்னே மீன்குளம்.
வீட்டை விற்றபோது மண்ணைத் தள்ளி மூடினார்கள்."

நான் அளந்தது ஓரங்களை.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
ஆறுதான் தன் ஆழத்தைச் சொல்லவில்லை.

ஆறு மூட்டை குறைந்தது.
பத்துக்குக் கீழே என்றால் லோரி வராது என்றார் கடைக்காரர்.
இப்போது அந்த மூலையில்
ஒரு கறிவேப்பிலைத் தொட்டி நிற்கிறது,
முதலிலிருந்தே அங்கே திட்டமிட்டது போல.
பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள்.

திங்கள், துவாஸ்.
பொங்கோலில் புதுக் கூட்டுரிமை வீடுகள்,
ஆறாம் மாடியில் தோட்டம், சரளை எழுபது டன்.
அட்டவணையில் என் பத்திகள்
அளவு, எடை, விலை.
யார் தூக்குவது என்ற பத்தி
வேறு துறையுடையது, வேறு மாடியில்.
மூவாயிரத்து ஐந்நூறு மூட்டை என்று தட்டினேன்.
விரல் நின்றது.
இதே எண்ணை எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன்.
தோள்பட்டை இன்றுதான்
அதை எழுத்துக்கூட்டிப் படித்தது.

"பத்து சதவீதம் சேர்த்தாச்சா?"
பின்னாலிருந்து மேலாளர்.
"சேர்த்தாச்சு" என்றேன்,
வலது கையால் இடது தோளைப் பிடித்தபடி.