பொலிவியாவின் சன்னல்

காலாப்பட்டு வளாகத்தில்
எங்கள் துறை நடத்திய மாதிரி ஐ.நா. சபைக்குச்
சீட்டுக் குலுக்கிப் போட்டு நாடு கொடுத்தார்கள்.
காரைக்கால் ஜெசிமாவுக்கு நார்வே.
மின்விசிறியை மூன்றில் வைத்தாலே
போர்வை தேடுகிறவள் அவள்.
எனக்கு வந்தது பொலிவியா.

கடலில்லாத நாடு.
இருந்த கரையை எப்போதோ ஒரு போரில்
சிலியிடம் இழந்துவிட்டது.
கடற்படை மட்டும் இன்னும் இருக்கிறதாம்,
ஏரியில் ஓட்டிப் பழகுகிறார்களாம்,
வருஷத்தில் ஒருநாள் கடலுக்கென்று
ஊர்வலம் போகிறார்களாம்.
நூலகத்தில் படிக்கும்போது சிரித்துவிட்டேன்.
நான் தாழங்குடா.
கொல்லைக் கதவைத் திறந்தால்
கடல் முகத்தில் அறையும்.
சில வருஷம்
திறக்காமலே உள்ளே வரும்.

தலைவர் இருக்கையில் ரெஜினால்ட்.
சுத்தியல் கிடைக்கவில்லையென்று
விடுதிச் சமையலறைப் பூரிக்கட்டை.
ஒவ்வொரு நாட்டுக்கும் தொண்ணூறு விநாடி.
'நான்' என்று சொல்லக்கூடாது,
அது விதி.
இரவல் கோட்டின் கை
விரல்வரை தொங்க எழுந்து நின்றேன்.
ஒப்பந்தங்கள், ஆண்டுகள், பிரிவு எண்கள்
மனப்பாடமாய் வைத்திருந்தேன்.
வாய் திறந்தால்
காற்று எந்தப் பக்கமென்று தெரியாமல்
விடிகிற ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.
ஆங்கிலத்தின் 'வீ'யில்
நாமும் நாங்களும் ஒரே பாயில் படுத்திருந்தன.
எதைச் சொன்னேன் என்று
எனக்கே நிச்சயமில்லை.
பூரிக்கட்டை இரண்டு முறை தட்டியது.

வாக்கெடுப்பில் தோற்றோம்.
ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு பன்னிரண்டு,
நவ்ரு டீ குடிக்கப் போயிருந்தது.
சிறந்த பிரதிநிதிக் கோப்பை பிரான்சுக்கு.
புதுச்சேரியில் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி.
முண்டியடித்து ஏறினால்
ஏற்கெனவே உள்ளே சிலி.
சிவநேசன், ரெட்டிச்சாவடி.
இடதுபக்கம், கடல் இருக்கிற பக்கம்,
சன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு
"உட்காருங்க பொலிவியா" என்றான்.
"இதையுமா?" என்றேன்.
தவளக்குப்பம் வரைக்கும்
இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

முள்ளோடை தாண்டி வண்டியை நிறுத்தினார்கள்.
எல்லை. பாட்டில் சோதனை.
ஏறிய காவலர்
என் பையில் நீளமாய்த் துருத்திக்கொண்டிருந்த அட்டையை
உருவி எடுத்தார்.
"பொலிவியா... என்னம்மா இது, புது பிராண்டா?"
"நாடு சார்."
"எங்க இருக்கு?"
"தென் அமெரிக்கா. கடல் கிடையாது."
அட்டையைத் திருப்பினார்,
ஓரத்தை விரலால் தடவினார்,
உள்ளே ஏதும் ஒட்டியிருக்குமோ என்பதுபோல.
பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவராய்,
"கடலே இல்லாம எப்படிம்மா பொழைக்கிறாங்க?"

இருபத்திரண்டு நாடுகள் இரண்டு நாளாய்ப் பேசினோம்.
ஒருவரும் இதைக் கேட்கவில்லை.
சிலி முந்திக்கொண்டு
"நாங்க வழி விடுறோம் சார், வரி இல்லாம" என்றது.
நான் எதையோ சொல்லத் தொடங்குவதற்குள்
நடத்துநர் விசில்.
காவலர் அட்டையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்.
பின்சீட்டில் தூக்குச்சட்டியைக் காலிடுக்கில் ஒளித்திருந்தவர்
பெருமூச்சு விட்டார்.
பொலிவியாவால் அன்று
ஒருவருக்காவது நன்மை.

ரெட்டிச்சாவடியில் சிவநேசன் இறங்கினான்.
நகர்ந்து சன்னலுக்குப் போனேன்.
வெளியே இருட்டு,
ஒரு செங்கல் சூளையின் நெருப்பு,
அப்புறம் பெண்ணையாற்றுப் பாலத்தின் தடதடப்பு.
கடல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வீட்டில் கொல்லைக் கதவு
காற்றுக்கு நிற்பதில்லை.
அண்ணன் அட்டையை நான்காய் மடித்து
நிலைக்கும் கதவுக்கும் நடுவே செருகிவிட்டான்.
கேட்டால்
"உங்க நாடு சும்மாதானே கெடக்குது" என்கிறான்.
ஐப்பசியில் தண்ணீர் வந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
முதல் எழுத்து கரைந்து,
மீதியில் உப்பு ஏறியிருந்தது.
மறுபடி
அங்கேயே செருகினேன்.