புரை

மூக்கு வழியே கேமரா இறங்கியதும்
எல்லோரிடமும் ஒரே எழுத்தைத்தான் கேட்கிறேன்.
ஈ சொல்லுங்கள். இழுத்து.
சோஹார் துறைமுகத்துக் கிரேன்காரர் சொல்வார்.
மீன் ஏலம் கூவிக் கூவிக்
குரல்நாணில் காய்ப்புக் கண்ட பலூச்சிக்காரர் சொல்வார்.
திரையில் இரண்டு வெள்ளை மடிப்புகள்
வந்து ஒட்டும், பிரியும்.
அந்த எழுத்துக்குக் கொடு என்று பொருள் இருப்பதை
இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

தவசிமுத்து, வெல்டர், விளாத்திகுளம் பக்கம்.
எண்ணெய்த் தொட்டிக்குள் வேலை. புகை.
இருபத்தாறு நாள் வென்டிலேட்டர்.
உயிரைக் கொடுத்த குழாய்
போகிறபோக்கில் மூச்சுப்பாதையைச் சுருக்கிவிட்டுப் போனது.
இரண்டு முறை விரித்துவிட்டேன்.
கழுத்தில் துளை, துளையில் குழல்,
குழலின்மேல் எப்போதும் ஒரு துண்டு.

அவருக்கு எதுவும் தரலாம், தண்ணீர் கூடாது.
தண்ணீருக்கு அவசரம் அதிகம்,
கதவு மூடுவதற்குள் தப்பான வாசலில் நுழைந்துவிடும்.
மாவு கலந்து தேன் பதத்தில் ஜோசலின் ஊட்டுவாள்.
நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில்
சுவரொட்டிப் பசையைப் பார்ப்பதுபோல்
அந்தக் கரண்டியைப் பார்ப்பார்.
புரை ஏறினால் ஊரில் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
யார் நினைத்தாலும்
அது போய்ச் சேருவது
வலது நுரையீரலின் அடியில்.

வெள்ளிதோறும் ராஜகனி வீடியோவில் வருவாள்.
அவள் பேசுவாள், அவர் தலையாட்டுவார்.
மைக் ரிப்பேர் என்று
அறைக்காரர்கள் பத்து வாரமாகச் சொல்லிவந்தார்கள்.
பத்து வாரம் ஒரு மைக்கை
யாரும் சரிசெய்யாமல் இருப்பார்களா என்று
அவள் கேட்கவில்லை.

பதினோராவது வாரம், செவ்வாய்.
என் கையுறை விரலால் துளையை அடைத்துப் பார்த்தேன்.
பிறகு அவர் விரலை எடுத்து அங்கே வைத்தேன்.
ஈ, என்றேன்.
தகரத்தில் மணல் கொட்டியதுபோல் வந்தது.
வந்தது.
ஜோசலின் ஃபோனை நீட்டினாள்.

என்ன சொல்வார் என்று எனக்கொரு கணக்கு இருந்தது.
அவள் பெயர். இல்லையென்றால் மகள் பெயர்.
சாமி பெயராகக்கூட இருக்கலாம்.
விரலை அழுத்திக்கொண்டு சொன்னார்:
"மோட்டார் ஓடுது. தொட்டி ரொம்பிருச்சு.
போயி அமத்து."

அவள் போகவில்லை.
திரை ஆடியது, மாடிச் சுவர் தெரிந்தது, வெயில் தெரிந்தது.
"யாரு பேசுறது?" என்றாள்.

அவர் விரல் நழுவிவிட்டது.
பதில் துளை வழியே
வெறும் காற்றாகப் போனது.
வெளியே அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார்கள்.
அறை முழுக்க, ஸ்பீக்கரில்,
மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம்.

தவசிமுத்துவின் தொண்டை
ஒருமுறை ஏறி இறங்கியது.
எச்சில்தான்.
சரியான வழியில் இறங்கியது.
குறித்துக்கொண்டேன்.