எட்டு

முதல் தடவை ஒரு கல் உருண்டது.
இரண்டாம் தடவை கல் உருளவில்லை,
வண்டி நின்றுவிட்டது.
ராமநாதபுரத்து வெயிலில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில்,
வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும்
மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.
அதுதான் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில்
அந்தோணியாரிடம் கணக்குக் கேட்டேன்.
ஒன்பது செவ்வாய். ஒன்பது கட்டு மெழுகுவர்த்தி.
ஒரு செவ்வாய் காய்ச்சலோடு வந்தேனே, ஞாபகமிருக்கா?
உச்சிப்புளி தாண்டும்வரை பேசினேன்.
அவர் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு
சும்மா இருந்தார்.

பாசி எடுக்கிறவள் நான்.
மாதத்தில் பன்னிரண்டு நாள்
விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி,
குருசடைக்குத் தெற்கே முங்குகிறேன்.
ஏஜெண்ட் கரையில் தராசோடு நிற்பார்,
கிலோவுக்கு இவ்வளவு தண்ணீர் என்று கழிப்பார்.
மூணு நாள் காய்ஞ்ச பாசியில எந்தத் தண்ணி என்றேன்.
"வண்டி இருந்தா நீயே கொண்டுபோ, கிளாடிஸ்."
கிண்டலாகத்தான் சொன்னார்.
நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்:
சாமி, எனக்குப் பின்னால் நின்ற பையன்
போனைப் பையில் போட்டுக்கொண்டே வந்து
ஒரே சுற்றில் எட்டுப் போட்டுவிட்டான்.
அவன் விழணும் என்று நினைத்தேன்.
தட்டிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.
பிறகு மெதுவாக,
"அடுத்த டெஸ்ட் என்னைக்கு?"

கோயில் முற்றத்தில் இந்தப் பக்கம் கொடிமரம்,
அந்தப் பக்கம் கல் சிலுவை.
நடுவில் நாற்பதடி மணல்.
இத்தனை வருஷம் சப்பரம் போகும் வழியாகவே
அதைப் பார்த்திருக்கிறேன்.
வெளியே வந்த அன்று
அது எட்டாகத் தெரிந்தது.

ராத்திரி செபமாலை முடிந்ததும்
பெர்க்மான்ஸின் ஐஸ் வண்டியை வாங்கிக்கொள்வேன்.
கொடிமரத்தை வலமாக, சிலுவையை இடமாக.
வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை.
வைக்க முடியவில்லை என்பதே சரி.
கிளட்சை விடும்போது ஆண்டவரே என்று தொடங்கினால்
பிரேக் மறந்துபோகிறது.
விடிந்ததும் உபதேசியார் மணலைப் பார்த்து
யார் செஞ்ச அக்கிரமம் இது என்பார்.
விளக்குமாறு எடுத்துக் கூட்டுவேன்.
இருட்டியதும் மறுபடி கிழிப்பேன்.
பதினேழு ராத்திரி.

விடிய விடிய வலை போட்டு
வெறுங்கையோடு வந்த ஆளை
எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.
மறுபடி போ என்று அவருக்குச் சொல்லப்பட்டதைப்
பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்.
கண் எரிய எரிய அவர் வலையை மறுபடி மடித்ததை,
பசியோடு படகைத் தள்ளியதை
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மூன்றாம் தடவை கல் உருளவில்லை. வண்டி நிற்கவில்லை.
அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
லைசென்ஸ் தபாலில் வந்தது,
என் பேரில் ஓர் எழுத்துக் குறைவாக.
போகட்டும்.
கூப்பிட வேண்டியவருக்கு முழுப் பேரும் தெரியும்.

வண்டி இன்னும் என்னுடையதில்லை, நாள் வாடகை.
ஏழு பெண்களின் பாசி, பதினாலு சாக்கு.
கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு
"சிலுவை போட்டுக்கிட்டு எடுடி" என்றாள் சவேரியம்மாள்.
போட்டேன். எடுத்தேன்.

பாம்பன் பாலத்தின் உச்சியில்
தென்கடல் காற்று பக்கவாட்டில் அடித்தது.
சாக்குகள் ஒரு பக்கம் சாய்ந்து
சக்கரம் லேசாகத் தூக்கியது.
இந்த இடத்தில் பஸ்ஸே சிலுவை போடும்,
நானும் சின்ன வயதிலிருந்து.

இன்றைக்குப் போடவில்லை.
இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன.