வட்டத்துக்குள் ஒரு எம்

கோணம் தொழிற்பேட்டை.
மேசையில் இரண்டு விலைப்புள்ளிகள்.
சாரல் காற்றில் பறந்துவிடாதிருக்க
அவற்றின் மேல் ஒரு ஃபிளாஞ்ச்,
தேறாதென்று நானே சிவப்பு பெயின்ட் தடவிய
நாற்பத்திரண்டில் மிஞ்சிய ஒன்று.

முதலாவது புனேக்காரர்கள்.
நட்சத்திர ஓட்டல், இரண்டு நாள்,
முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடு.
மதியச் சாப்பாட்டின் பட்டியல்
பாடத்திட்டத்தைவிட நீளம்.

அடுத்தது காணொளி.
பதினெட்டு மணி நேரம்,
ஓடவிட்டுத் தூங்கினாலும்
சான்றிதழ் தானாக வரும்.
"இது மதி" என்றார் ராபின்சிங் முதலாளி,
"நைட் ஷிப்டிலயும் பாக்கலாம்லா?"

மூன்றாவதாக ஒரு தொலைபேசிக் குரல்.
ஓசூர் ஹேமலதா.
கட்டணம் சொல்லுமுன் கேட்டாள்:
"கடைசியா நீங்க தூக்கிப்போட்ட பார்ட்டோட
டிராயிங் கிடைக்குமா?"

அனுப்பினேன்,
மருத்துவரிடம் நாக்கு நீட்டுவதுபோல.

துளையின் கீழ்வரம்பு பத்து மில்லி.
இருப்பிடப் பிழைக்குப் புள்ளி இரண்டு.
பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு எம்.

டிசைனில் சுகுமாரன்
பழைய வரைபடத்திலிருந்து நகலெடுத்த எம்.
மெஷினில் வியாகுலம்
மெட்ரிக் என்று நினைத்த எம்.
பர்ச்சேஸில் மைதீன்
"மெட்டீரியலாக்கும்" என்று
பாதி சரியாகச் சொல்லியும்
யாரும் காதில் வாங்காத எம்.
அளவுக் கருவியின் திரையில்
அஜிலா டிக் செய்யாமல் விட்ட எம்.
அறிக்கையின் கீழே என் கையெழுத்து.
தமிழில் எம் என்றால் எங்கள்.

மாலையில் அழைத்தாள்.
"துளை எவ்வளவு வந்துது?"
பத்து புள்ளி ஒன்று ஐந்து.
"எவ்வளவு விலகுச்சு?"
புள்ளி மூன்று ஒன்று.
சற்று நேரம் பேச்சில்லை.
"துளை பெருசானா
விலகுறதுக்கும் இடம் பெருசாகும் மேடம்.
கூடுன பதினஞ்சையும் சேத்துக்குங்க."

சேர்த்தேன். புள்ளி மூன்று ஐந்து.
கைபேசியில் ஒருமுறை,
நம்பாமல் தாளில் ஒருமுறை.
பிறகு கதவைச் சாத்திவிட்டு
எல்லா அறிக்கைகளையும் புரட்டினேன்.
நாற்பது நல்லவை.
இரண்டு மட்டும் உண்மையிலேயே கெட்டவை.
அந்த இரண்டும்
எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தன என்று
எழுதவே கூச்சமாயிருக்கிறது.

மேசைமேல் இருந்ததைத் தவிர மற்றவை
கோட்டாற்றுப் பழைய இரும்புக் கடையில்
எடைக்குப் போய் ஒன்பது நாளாயிற்று.

ஹேமலதாவின் நிபந்தனைகள்:
டிசைன்காரர்கள் மட்டுமென்றால் வரமாட்டாள்.
வியாகுலமும் மைதீனும் அஜிலாவும்
ஒரே அறையில் இருக்க வேண்டும்.
ஓட்டல் வேண்டாம், மெஷின் பக்கத்தில் போதும்.
உதாரணமெல்லாம் எங்கள் வரைபடங்களிலிருந்தே.
ஆறு வாரம் கழித்து
எவ்வளவு மறந்தோம் என்று பார்க்க
இன்னொரு நாள் வருவாள், அதற்குத் தனிக் காசு.

"ரெண்டு நாளு மெஷின நிறுத்தணுமா?
உங்களுக்கெல்லாம் வட்டா?"
நான் எதுவும் பேசாமல்
எடைச்சீட்டை அவர் முன் வைத்தேன்.
மேலே ஃபிளாஞ்சை வைத்தேன்.
ராபின்சிங் அதை உருட்டினார்,
துளைக்குள் சுண்டுவிரல் விட்டுப் பார்த்தார்,
அது எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதுபோல.
"அவ எப்ப வருவா?"

அன்றைக்கு ஆரல்வாய்மொழி பஸ்ஸில்
நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
அவற்றில் ஒன்றுக்குத்தான் அந்த ஃபிளாஞ்சுகள்.
கீழேயிருந்து பார்த்தால்
எல்லாமே சரியான நடுவில்தான் சுற்றுகின்றன.

மறுநாள் பெயர்ப்பட்டியல் ஒட்டியதும்
வியாகுலம் வந்து நின்றான்,
கையில் கூலன்ட் வழிய.
"பரீட்ச உண்டுமா மேடம்?
நான் எட்டாங் கிளாசு."
"எனக்கும் உண்டு" என்றேன்.

அந்தத் தேறாத நாற்பத்திரண்டுக்காக
அவனுக்குப் பிடித்த இரண்டு நாள் சம்பளம்
பையிலிருந்த கவரில் இருந்தது.
கொடுக்கையில் என்ன சொல்வதென்று தெரியாமல்
துடைக்க வேஸ்ட் துணி எடுத்துக் கொடுத்தேன்.