குண்டு விழுந்த தூரம்

தேவனாம்பட்டினத்துக் கோட்டை விலைபோயிற்று.
செஞ்சியில் பணத்தை எண்ணுகிறார்கள்.
எல்லைதான் பாக்கி:
பீரங்கிக் குண்டு எட்டும்வரை
இங்கிலீஷ்காரனுக்கு.

மருந்து இரண்டு பிடி கூடுதல்.
கணக்கர் நயினியப்பர் பார்த்தார்,
எழுதவில்லை.

கெடிலம் தாண்டிப் போய்
பச்சையாளின் கம்பங்கொல்லையில் விழுந்தது.
எழும்பிய காக்கைகள்
நாலு வரப்பு தள்ளி
செஞ்சிச் சீமையில் உட்கார்ந்தன.

குழிக்குள் கைவிட்டாள். சூடு.
'இந்தாண்ட யாருக்கு அளக்கணும்,
அந்தாண்ட யாருக்கு?'

நயினியப்பர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பள்ளம் எந்தப் பக்கமென்று
எவரும் சொல்லி அனுப்பவில்லை.

தை அறுப்புக்கு
இரண்டு கொடியிலிருந்தும் ஆள் வந்தது,
ஒரே அளவு மரக்காலோடு.

போன பிறகு பார்த்தால்
குண்டு மட்டும் கிடந்தது,
காலிக் குதிர் சாயாமலிருக்க
அவள் கொடுத்த முட்டு.